மூன்றாவது கேபிள்

"எந்தக் கேபிளை வேணும்னாலும் பிடுங்குங்க மேடம். ஒரு வழி அடைபட்டா, தகவல் வேற வழியில போயிடும்" என்றான் அணித் தலைவன்.

இறுதியாண்டு நெட்வொர்க் புராஜெக்ட் அது. இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவே மூன்று கேபிள்கள், மூன்று பாதைகள். தேறினால்தான் பட்டம். கேபிள்களை மாட்டிய மாணவி பக்கத்தில் நின்றாள்.

"எதிர் கம்ப்யூட்டரை நானே கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று தேர்வாளர் முகவரியைத் தட்டினார். பதில் வந்தது. ஒரு கேபிளைப் பிடுங்கினார். பதில் வந்தது. இரண்டாவதையும் பிடுங்கினார். அப்போதும் வந்தது. மூன்றாவதையும் பிடுங்கினார்.

பதில் வந்துகொண்டே இருந்தது!

"பிரமாதம்! முழு மார்க்" என்று பேனாவை எடுத்தார்.

பாதையே இல்லாமல் பதில் எப்படி வரும்? அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"மேடம்..."

தலைவன் அவள் காலை நறுக்கென்று மிதித்தான். அவள் நிறுத்தவில்லை.

"மேடம், நீங்க அடிச்சது இதே கம்ப்யூட்டரோட முகவரி. அது தன் கதவைத் தானே தட்டி, தானே 'யாரு?'ன்னு கேட்டுட்டிருக்கு."

தேர்வாளர் பேனாவை மூடினார்.

"அப்பாடா! காலையிலேர்ந்து உங்களுக்கு முன்னாடி வந்த நாலு டீமுக்கும் வேணும்னே இதைத்தான் அடிச்சேன். நாலு டீமும் கைகுலுக்கிட்டுப் போயிடுச்சு. அவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிடணும். சரி, கேபிளை மாட்டி நீயே சரியான முகவரியை அடிம்மா."

அடித்தாள். அவர் இரண்டு கேபிள்களைப் பிடுங்கிய பிறகும் எதிர் கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

"இப்பத்தான் முழு மார்க்!"

தலைவன் முந்திக்கொண்டான்: "சீக்கிரம் சொல்லுன்னு நான்தான் மேடம், இவ காலை மிதிச்சேன்!"