இருபத்தெட்டு

ஜூன் 14, வியாழன். இன்றைய தவறு: டயர்க் கடையில் கேட்ட ஒரு சின்னக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

எழுதிவிட்டு நோட்டையும் பேனாவையும் மூடினாள். மாலை வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை.

நாளுக்கு ஒரு தவறு. அதற்குக் கீழே நாளைய வேலை. இரண்டு வருடமாக இதுதான் பழக்கம். பழைய பக்கங்களை அடிக்கடி புரட்டுவாள். முதல் பக்கத்தை மட்டும் திருப்ப மாட்டாள்.

டயர்க் கடைக்கும் அவள் சும்மா போகவில்லை. நோட்டில் ஏழு கேள்விகளை வரிசை போட்டு எழுதிக்கொண்டுதான் போனாள். சித்தப்பா கொடுத்த பைக்குக்குப் பதினாறு வயது. இந்த வயதில் அதற்கு எந்த டயரை மாட்டுவது என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல், கண்ணாடிக் கடை வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளே கிளம்பிவிட்டாள்.

"அகலமா ஒண்ணு போட்டா ரோட்டைக் கெட்டியாப் பிடிக்குமாண்ணே?" இது முதல் கேள்வி.

டயர்க்காரர் தலை நிமிரவில்லை. பழைய வண்டியின் ரிம்முக்கு என்ன அளவு சொல்லியிருக்கிறதோ அதுதான். அகலம் கூட்டினால் டயர் பிதுங்கி, வளைவில் ஆட்டம் காட்டும் என்றார். கம்பிச் சக்கரம் என்பதால் ட்யூப் வைத்த டயரே சரி என்றார். மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான கோடுகள் எதில் என்று கேட்டாள். இரண்டை எடுத்துப் போட்டார். எந்த வாரம் செய்தது என்று கேட்டாள். ஓரத்தில் இருந்த நான்கு எண்களை விரலால் தடவிக் காட்டினார். முதல் இரண்டு எண் வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு எண் வருடத்தைச் சொல்லும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் சிரித்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா!"

அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை.

கழற்றிப் போட்ட பழைய பின் டயரின் மேல் புடைத்திருந்த கட்டங்களைக் காட்டி, "இதுல பட்டன் தேயவே இல்லையேண்ணே?" என்றாள்.

அவர் கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. "பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு. ஒன்பது வருசம் ஆயிருக்கு பாரு. ஈரத்துல இது டயர் இல்ல, சோப்புக் கட்டி."

அவள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டு வருடத்துக்கு முன், அந்தத் தூறல் நாளில், அதற்கு ஏழு வயது.

நோட்டில் அதை எழுதினாள். உடனே அடித்தாள். அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினாள்.

அந்தத் தூறலில்தான் வண்டி சறுக்கியது. பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு முட்டி போனது. ஓட்டியவருக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அன்றிலிருந்து அம்மா எந்த வண்டியிலும் ஏறவில்லை. இரண்டு பேருந்து மாறி, ஒவ்வொரு படியிலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கி வேலைக்குப் போய் வருகிறாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அம்மா மறுபடியும் அந்தப் பின்சீட்டில் உட்கார வேண்டும். ஏழு கேள்வியும் அதற்காகத்தான். அதை மட்டும் அவள் நோட்டில் எழுதவில்லை. எழுதினால் நடக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

புது டயர்கள் ஏறின. அம்புக்குறிகளை இரண்டு தடவை சரிபார்த்தாள். காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு டயர்க்காரர் கேட்டார்: "ஒத்த ஆளா, டபுள்ஸா?"

அது அவள் பட்டியலில் இல்லாத கேள்வி.

"ஒத்தைதான்."

பின் சக்கரத்தில் காற்றழுத்தம் இருபத்தெட்டு வைத்தார். "டபுள்ஸ்னா முப்பத்தாறு. முதல் நூறு கிலோமீட்டர் பாத்துப் போம்மா, புது ரப்பர் வழுக்கும்."

வகுப்புக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய அம்மா, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பின் டயரில் நகத்தை வைத்து அழுத்தினாள்.

நகம் இறங்கியது. பிறை போல ஒரு தடம் விழுந்து, மெல்ல மறைந்தது.

"காலைல போற வழியில என்னையும் இறக்கி விட்டுருவியா?"

தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. வாயில் வந்தது வேறு. "முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாத்தான்மா போகணும்."

"மெதுவாவே போ. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன ஓடவா போறேன்?"

"வேணும்னா சித்தப்பாவ வந்து ஓட்டச் சொல்லட்டுமா?"

அம்மா நிமிர்ந்தாள். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அவன் எதுக்குடி? அன்னைக்கும் நீதானே ஓட்டின. எனக்குப் பழகின டிரைவரே போதும்."

வகுப்பறைக்கு வெளியே காலடிச் சத்தங்கள் கேட்டன. அவள் நோட்டை மறுபடி திறந்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். அந்தத் தூறல் நாளன்று அங்கே எழுதிய ஒரே வரியை, இரண்டு வருடத்துக்குப் பிறகு, முழுதாகப் படித்தாள். பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்து எழுதினாள்.

நாளைய வேலை: காலை ஏழரைக்குள் பின் டயரில் காற்று. முப்பத்தாறு.