மிதுனனுக்குத் திறக்காத ஃபைல்

கனடாவின் மார்க்கம் நகரிலுள்ள கல்யாண மண்டபமொன்றின் அலுவலகத்தில், எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்று தீர்மானிப்பவள் துவாரகா. அங்கே வேலைசெய்யும் மிதுனனுக்கு ஒரேயொரு ஃபைல் மட்டும் திறக்கவில்லை. வேலை போகப்போகிறதோ என்று பயந்து அவளிடம் போனான்.

“பார்க்கிங் பாக்கிற அண்ணைக்கும் திறக்குது. என்னை நிப்பாட்டப் போறியளோ?”

“இல்லை. தன்ர வீட்டுக் கலியாண ஃபைலை ஒருத்தரும் திறக்கேலாது. அதுதான் விதி.”

“எங்கட வீட்டில ஆருக்குக் கலியாணம்?”

“உங்களுக்குத்தான். பிறகு மண்டபம் கிடைக்காதெண்டு உங்கட அம்மா இப்பவே புக் பண்ணிட்டா.”

மிதுனன் தொப்பென்று உட்கார்ந்தான்.

“பொம்பிளை ஆர்?”

“அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்கு. அதை நிரப்புற அனுமதி எனக்கு மட்டும்தான்.”

துவாரகா அந்த இடத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, அவன் தடுக்கிறானா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

“கெதியா சேவ் பண்ணுங்கோ,” என்று அவசரப்படுத்தினான் மிதுனன்.