சும்மா சுத்துற வட்டம்

மூடிய கதவுக்குப் பின்னால் ஐந்து நாளாக டகடக டகடக என்று ஓயாத சத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி டீயோடு கதவைத் தட்டியதும் அது இன்னும் வேகம் பிடித்தது.

"வா, ஆனா சீக்கிரம் சொல்லு. தலைக்கு மேல வேலை கிடக்கு" என்றான் புரோகிராமர். வாசலில் நின்றவளுக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது.

அந்தக் கீபோர்டு கடையில் அப்படியே வாங்கியதல்ல. ஒவ்வொரு பொத்தானாகத் தேடி வரவழைத்து அவனே கோர்த்தது, கணினியோடு இணைக்கக் கம்பிகூடக் கிடையாது. பொத்தான்களுக்கு எண்ணெய் தடவவே தனியாக ஒரு தூரிகை வைத்திருக்கிறான். அதே அறையின் கதவு மட்டும் இரண்டு வருடமாகக் கிறீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறது.

"நாளைக்கு அப்பா வீடு மாத்துறாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? மாமனாரின் புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ மட்டும் இரண்டு. மச்சானுக்கு வேறு சரியாக நேரம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது.

"ஐயோ, நானே சொல்லணும்னு இருந்தேன். திங்கக்கிழமை சாஃப்ட்வேர் வெளியே போகணும். இப்ப நான் நகர்ந்தா என் வேலையே போயிடும். இன்னிக்கு மட்டும் ரெண்டாயிரம் வரி அடிச்சிருக்கேன். விரலைப் பாரு, எப்படி வீங்கிக் கிடக்கு!"

"அப்படி என்னதாங்க எழுதுறீங்க?"

யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிற ஜென்மம் அவன். நாற்காலியோடு சுழன்று திரும்பினான்.

"எதையாவது அமுக்கினா திரையில ஒரு வட்டம் சுத்துமே, பார்த்திருக்கியா? அதைத்தான் எழுதுறேன்."

"உள்ளே வேலை நடக்குதுன்னு காட்டுமே, அதுதானே?"

"அங்கதான் விஷயமே இருக்கு! பாதி நேரம் உள்ளே ஒரு மண்ணும் நடக்காது. அது பாட்டுக்குச் சும்மா சுத்தும். ஆனா பார்க்கிறவன், பாவம் ரொம்பக் கஷ்டப்படுதேன்னு தொந்தரவு பண்ணாம உட்கார்ந்திருப்பான். டிசைன்னா அது!"

"அதையுமா நம்புறாங்க?"

"நம்பாம? இத்தனை வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, உள்ளே என்ன நடக்குதுன்னு கேட்டதில்லை."

"கெட்டிக்காரர்தான்" என்று சொல்லிவிட்டு அவள் டீயை மேஜையில் வைத்தாள்.

அப்போது கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"அட, ஓடுதே! ஒரு மாசமா நின்னு கிடந்துச்சு. பேட்டரி வாங்கிப் போடணும்னு நானும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"நீங்க நினைச்சுக்கிட்டே இருங்க. திங்கக்கிழமைலேர்ந்து ஓடுது. வீட்லயே ஒண்ணு கிடைச்சுது."

"பார்த்தியா, எனக்கு அதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. மாமாகிட்ட நான் ரொம்ப வருத்தப்பட்டேன்னு சொல்லிடு. அடுத்த தடவை வீடு மாத்தும்போது கண்டிப்பா வரேன்னு சொல்லு."

"சொல்றேன்."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு கிறீச்சிட்டு முடிப்பதற்குள் டகடக ஆரம்பித்துவிட்டது. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் தாளம்கூடப் போட்டது.

கதவு மறுபடி கிறீச்சென்று திறந்தது. அவள் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"காலைல ஆறு மணிக்கு லாரி வந்துடும், பழைய சட்டையாப் போட்டுக்குங்க" என்றாள். "அந்தக் கடிகாரத்துல ஓடுறது உங்க கீபோர்டு பேட்டரி."