எட்டாவது துண்டு

அறையில் இருந்தவர்கள்: வனத்துறை ரேஞ்சர் கிருஷ்ணன், வாட்சர் சக்திவேல், போளூரில் கல்யாண வீடியோ எடுக்கும் பிரகாஷ். நான்காவது ஆள் லேப்டாப்புக்குள் இருந்தான், இன்னும் இருட்டாக.

கரடிகளைக் கணக்கெடுக்க மரத்தில் கட்டியிருந்த கேமரா, சந்தன மரம் வெட்டியவனையும் பிடித்திருந்தது. படம் முழுக்கக் கரும்புள்ளி. அதை நீக்கி வெளிச்சம் ஏற்றினால் முகம் தெரியும். மேலிடம் அந்த முகத்தைக் கேட்டிருந்தது.

அது யாருடையது என்று பிரகாஷுக்குத் தெரிந்துவிட்டது. இடது தோளைச் சாய்த்து நடக்கும் நடை. மனைவி நதியாவின் அண்ணன் ரஞ்சித். இந்த உறவு ரேஞ்சருக்குத் தெரியாது.

ரஞ்சித் மலைமேல் புதூர்நாட்டில் ஜீப்புக்குக் காத்திருப்பதாக நதியா போனில் அழுதிருந்தாள். அவன் மலை இறங்கும்வரை முகம் தெரியக் கூடாது.

அதனால்தான் பிரகாஷ், புள்ளி நீக்கும் ஃபில்டரை லேப்டாப்பின் எட்டு வேலை இழைகளில் ஒரே இழையில், ஒரே திரெட்டில், ஓட விட்டிருந்தான். எட்டுப் பேர் நிற்கும் சாமைக் காட்டில் ஒருவனை மட்டும் அறுக்கச் சொன்னது போல, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்தது.

“இன்னாப்பா, படம் துலக்குறியா, அரிசியில கல்லு பொறுக்குறியா? மொதல்ல மூஞ்சி வரும். வந்ததும் நிறுத்திடு. மீதி வேணாம்,” என்றார் ரேஞ்சர்.

சக்திவேல் குனிந்து பார்த்தான். போனில் கேம் ஆடி இதெல்லாம் கற்றவன்.

“சார், ப்ராசஸர்ல ஒரு கோருதான் வேல செய்யுது. மீதி ஏழும் சும்மா குந்தினு கீது.”

ரேஞ்சரின் கை பிரகாஷின் தோளில் விழுந்தது.

“எல்லாத்தையும் எழுப்பு.”

மறுத்தால் சந்தேகம் வரும். பிரகாஷ் வீடியோவை எட்டுத் துண்டாக்கி, திரெட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தான். திரையில் எட்டுக் கட்டங்கள். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. எட்டும் ஒன்றாக வெளுக்கும் என்று ரேஞ்சருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் கட்டத்தில் தோள் வந்தது. தாடை வந்தது. ரஞ்சித்.

“போதும். நிறுத்து.”

பிரகாஷின் விரல் நகரவில்லை. கண் எட்டாவது கட்டத்தில் இருந்தது. வரிசையாக ஓடியிருந்தால் இந்நேரம் அது கறுப்பாகவே இருந்திருக்கும்.

அதில் ரஞ்சித் கட்டையை இறக்கி ஒருவரிடம் கொடுத்தான். வாங்கியவர் கேமரா பக்கம் திரும்பினார். காக்கிச் சட்டை. மேல்நோக்கி முறுக்கிய மீசை.

அதே மீசை திரையின் பளபளப்பில், பிரகாஷின் தலைக்கு மேலே, ரேஞ்சரின் முகத்தில் தெரிந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சக்திவேல் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“சக்தி, டீ சொல்லினு வா.”

“மூணா சார்?”

ரேஞ்சர் எட்டாவது கட்டத்தைப் பார்த்தார்.

“ரெண்டு போதும். உனக்கும் எனக்கும்.”

சக்திவேல் வெளியே போனான். ரேஞ்சர் அவன் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினார்.