அமைச்சரைத் திட்டாத நாள்

எங்க சார் எதிர்க்கட்சி உறுப்பினர். நான் அவருக்கு உதவியாளர். அவர் சபையில் எழுந்தாலே சுகாதார அமைச்சருக்கு வியர்த்துவிடும் என்று பேப்பரில் எழுதுவார்கள். எழுதுகிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டுப் பிள்ளையா மாட்டிக்கொண்டு நிற்கிறது?

என் தங்கச்சிக்கு எட்டாவது மாசம். அவள் இருக்கிற சின்ன ஊரில் பிரசவ வார்டை இந்த மாசக் கடைசியோடு மூடப்போகிறார்கள். இன்னும் பதினேழு ஊரிலும் இதே கதைதான். அப்புறம் வலி எடுத்தால் ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் போகணும். முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிற்காமல், வார்டு நாலு தெரு தள்ளி இருந்த ஒரே காரணத்தால் பிழைத்தவள் அவள். தினமும் போன் போட்டு, "அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

மூடுவதும் மூடாததும் அமைச்சர் கையில். அந்த மனுஷனைப் போய் எங்க சார் வாரத்துக்கு ரெண்டு தரம் சபையில் வைத்து நாறடிக்கிறார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். என்றைக்காவது ஒருநாள் ரோஷம் வந்து, "போங்கடா, மூடியே தீருவேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால்? எனக்கு ராப்பகலாய் இதே நினைப்பு.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"சார், காரியம் ஆகணும்னா கழுதையானாலும் காலைப் பிடின்னு சொல்லுவாங்க. அவர்கிட்ட கொஞ்சம் தணிவாப் பேசினா என்ன?"

"உனக்குத் தெரியாதும்மா. டைப் அடி" என்றார். அதோடு சரி.

வார்டு விவாதம் அன்றைக்குக் காலை பத்தரைக்கு. சார் வழக்கம்போல சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். யாரோ நுணுக்கி நுணுக்கி எழுதியது. எந்த ஊரில் எத்தனை பிரசவம், எந்த வார்டில் டாக்டர் இல்லை, எல்லாம் புட்டுப்புட்டு வைத்திருக்கும். உள்ளே வேலை பார்க்கிற டாக்டரோ நர்ஸோ ரகசியமாய்க் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யார் என்று கேட்டால் சார் வாயைத் திறக்கமாட்டார்.

கடைசி ரெண்டு வரிக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

'பிள்ளை பெறப் போகிறவளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு இந்த அமைச்சர் எப்படித் தூங்குகிறார்? ஒரு வார்டைக் காப்பாற்றத் துப்பில்லாதவருக்கு எதற்கு அந்த நாற்காலி?'

எந்தப் படுபாவி இப்படி எழுதுகிறான் என்று வயிறு எரிந்தது. ரெண்டு வரியையும் தூக்கிவிட்டேன். 'மாண்புமிகு அமைச்சர் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று நானாக ஒன்றைப் போட்டேன். நான் டைப் அடித்ததைத் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை சார். கையில் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

எங்கள் அறையில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. சபையில் பேசுவது அதில் கேட்கும். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு அதன் அடியிலேயே நின்றேன்.

சார் நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் வேறு வழியில்லாமல் நான் அடித்ததை வாசித்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் எழுந்து, "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குரல் உள்ளே போயிருந்தது. மனுஷன் நெகிழ்ந்துவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

சாப்பாட்டு இடைவேளையில் சார் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

நான் மறைக்கவில்லை. தங்கச்சி விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்தியேம்மா" என்றார், மெதுவாக.

அதற்குள் கதவு திறந்தது. சுகாதார அமைச்சரேதான். கூட ஒரு ஆள் இல்லை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன். சார் வெளியில்தான் அப்படி, மனசில் ஒன்றும் கிடையாது, இதுவரை பேசினதையெல்லாம் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு சாரைப் பார்த்தார்.

"ஏன்யா இப்படிப் பண்ணினே? வார்டை மூடாம இருக்கப் பணம் கேட்ட கோப்பை நிதித்துறை ரெண்டு தரம் திருப்பிட்டாங்க. சபையே என்னைக் கிழிக்குதுன்னு காட்டித்தான் மூணாவது தரம் கேட்கலாம்னு இருந்தேன். இப்ப எல்லாரும் மேசையைத் தட்டிட்டு சாப்பிடப் போயிட்டாங்க. நான் எதைக் காட்டிக் கேட்கிறது?"

சார் என் பக்கம் கையைக் காட்டினார். "நான்தான் வெட்டினேங்க" என்றேன்.

அமைச்சர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மூணு மணிக்கு மறுபடியும் விவாதம் இருக்கும்மா. அந்த ரெண்டு வரியை அப்படியே அடிச்சுக் குடுத்துடு. நேத்து முழுக்க உக்காந்து என்னை நானே திட்டி எழுதினது."