ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு

மச்சினன் தன் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உள்ளே, முன்பு பெல்ட் மாற்றியவர் ஒட்டிய சீட்டு இருந்தது: 84,317 கிலோமீட்டர். மீட்டரோ 84,017தான் காட்டியது.

மச்சினனுக்குப் போன் போட்டார். "மீட்டரைத் திருப்பிட்டியாடா?"

"சத்தியமா இல்ல மாமா. வெறும் முந்நூறு கிலோமீட்டருக்கா திருப்புவாங்க?"

நியாயம்தான். ஆனால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற குரல் அவனுக்கு. இன்னொன்றும் உறுத்தியது. சீட்டில் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்படி எழுதுவது அவருடைய பழக்கம். இந்த வண்டியை அவர் இதற்குமுன் தொட்டதேயில்லை.

சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் புது பெல்ட்டை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்தக் காரில் வெளியூரிலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மதியம் போன் வந்தது.

"என்னங்க, நடுவழியில பெல்ட் அறுந்துடுச்சு. பயப்படாதீங்க, ஒரு மெக்கானிக் வந்து மாத்திட்டாரு. சீட்டு எழுதி உள்ள ஒட்டுறாரு. உங்கள மாதிரியே ஏழுக்குக் குறுக்கே கோடு போடுறாரு."

"மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"எண்பத்து நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு. அப்புறம்... என் தம்பி மீட்டரைத் திருப்பலையாம். இந்த மெக்கானிக்தான் உங்ககிட்ட சொல்லச் சொல்றாரு."