நகம் நீலமானால்

மடியில் வரைபடத்தை விரித்தான் ஃபௌஸ்டோ. பின்னாலிருந்து அக்கா மிர்த்தா கேட்டாள்:

“திட்டத்தை இன்னொரு தடவை சொல்லுடா. ஆண்டிஸ் மலையில மோதி எழும்புற காத்துல, இன்ஜின் இல்லாத இந்தக் கிளைடரை ஏத்தணும். அதுக்கு முன்னாடி?”

“கிளம்பும்போதே ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துடணும்க்கா.”

“மறந்துட்டா?”

“மேல போனதும் பயமே வராது, சிரிப்புதான் வரும். நகம் நீலமாயிடும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

“பல்லைக் காட்டாத, கழுதை! உன் நகத்தைப் பாரு.”

பார்த்தான். நீலம். உயரமானியில் எட்டாயிரம் மீட்டர். சிலிண்டர் பின்சீட்டில், கை எட்டாது.

‘புஸ்’ஸென்று, அவன் மாட்டியிருந்த முகமூடிக்குள் ஆக்சிஜன் பாய்ந்தது. தெளிந்ததும் திரும்பினான்.

யாருமில்லை. அக்கா இந்த மலையில் விழுந்து செத்து ஒரு வருஷமாகிறது. ஆனால், ஆளில்லாத சீட்டில் ஆடக் கூடாதென்று கிளம்பும்போது அவன் இறுக்கிப் பூட்டிய பின்சீட்டு பெல்ட், அவிழ்ந்து தொங்கியது.